பெய்லிஃப் வந்தால் டயாலிசிஸ் மெஷினையும் எடுத்துப் போவாரா?

கேள்வி: நாங்கள் லண்டன் குரொய்டனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவருக்குப் போன வருடம் இரண்டு சிறுநீரகமும் பழுதாகி ஏழு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது வீட்டிலேயே இரவில் மெஷின் பூட்டி, வயிறு வழியாக டயாலிசிஸ் செய்கிறோம். அவரால் வேலைக்குப் போக முடியாது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது காரின் இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது, எங்களுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. அதற்காக வழக்குப் போட்டு, அவர் இல்லாமலே தீர்ப்புச் சொல்லி, 660 பவுண்ட் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். வந்த கடிதங்களை நான் பயத்தில் திறக்காமல் இழுப்பறையில் போட்டு வைத்தேன். அவருக்கும் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு பெய்லிஃப் (கட்டாத பணத்துக்காகப் பொருளைக் கைப்பற்ற வருகிறவர்) வந்தார். நான் வேலைக்குப் போய்விட்டேன். கணவர் மெஷினில் படுத்திருந்தார். 14 வயது மகள்தான் கதவுக்குப் பின்னால் நின்று பேசியிருக்கிறாள். 24 மணி நேரத்தில் 970 பவுண்ட் கட்டாவிட்டால் பூட்டுத் திறக்கிறவரோடு வருவோம் என்று ஒரு தாளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அன்று பின்னேரம்தான் எல்லா உறையையும் திறந்து பார்த்தோம். தெரிந்த ஒருவர் வட்டிக்குப் பணம் தருகிறேன் என்கிறார். அண்ணா, கதவைத் திறக்காதே, அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். மெஷினைத் தூக்கிக்கொண்டு போவார்களா? இவரைப் பிடித்துக்கொண்டு போவார்களா?
ஒரு சகோதரி, குரொய்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மெஷினைத் தொட முடியாது. முதலில் இதைக் கேட்டு ஆறுதல் அடையுங்கள். வீட்டில் இருப்பவரின் மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் தேவையான எந்தப் பொருளையும் எடுக்கக்கூடாது என்று இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம் நேராகவே சொல்கிறது. அதோடு, வீட்டு டயாலிசிஸ் மெஷின் பெரும்பாலும் ஆஸ்பத்திரி தந்ததாக இருக்கும். உங்கள் கணவருடையது அல்லாத பொருளை அவருடைய கடனுக்கு எடுக்க முடியாது. மாதாமாதம் வந்து இறங்குகிற திரவப் பெட்டிகள், அவர் படுக்கிற கட்டில், ஃபிரிட்ஜ், அடுப்பு, வாஷிங் மெஷின், எல்லோருக்கும் போதுமான மேசை கதிரை, உடுப்பு, போர்வை, ஒரு ஃபோன், இவற்றையும் தொட முடியாது.

கணவரைப் பிடித்துப் போவார்களா என்பதற்கும் பதில், இல்லை. வந்தவர் கையில் இருந்தது பொருள்களைக் கைப்பற்றுகிற வாரண்ட். ஆளைப் பிடிப்பதற்கு வேறு வாரண்ட் வேண்டும். தண்டப்பணம் கட்டாததற்காகச் சிறை என்பது சட்டத்தில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் அதற்கு முன்பு அவருடைய வருமானத்தையும் நிலைமையையும் விசாரிக்க வேண்டும். கட்ட வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவருக்கும், அக்கறையே இல்லாமல் விட்டவருக்கும் உரிய தண்டனை அது. சிறுநீரகம் போய், சம்பளம் நின்று, கட்ட முடியாமல் போனவர் அந்த வகையில் வரமாட்டார். ஒன்று மட்டும்: விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தால் அதை இழுப்பறையில் போடாதீர்கள். போகாமல் விட்டால்தான் ஆளைப் பிடிக்கிற வாரண்ட் பிறக்கும். உடம்பு முடியாது, ஃபோனிலோ வீடியோவிலோ விசாரியுங்கள் என்று எழுதிக் கேட்கலாம்.

அண்ணா சொன்னது பாதி சரி, பாதி பிழை. அந்தப் பாதிப் பிழைதான் ஆபத்தானது. கவுன்சில் வரி, கவுன்சிலின் பார்க்கிங் தண்டம் போன்றவற்றுக்கு வருகிற பெய்லிஃப் முதல் தடவை வரும்போது கதவை உடைத்து வர முடியாது. நம் ஆட்களிடம் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிற அறிவுரை எல்லாம் அதை வைத்துத்தான். ஆனால் உங்களுடையது மஜிஸ்திரேட் நீதிமன்றம் விதித்த குற்றவியல் தண்டம். இதற்கு, நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தி உள்ளே வர சட்டம் இடம் கொடுக்கிறது. பூட்டுத் திறக்கிறவரை உண்மையிலேயே கூட்டி வருவது அபூர்வம், அந்தத் தாளில் பயமுறுத்தலும் கலந்துதான் இருக்கிறது. அதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கதவுக்குப் பின்னால் பேசாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும், கட்ட மனமில்லாத வீடு என்றுதான் அவர்கள் கணக்கில் பதிவாகும்.

உங்கள் வீட்டில் நோய் இருக்கிறது என்று இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட யாருக்கும் இன்றுவரை தெரியாது. நீதிமன்றத்துக்குத் தெரியாது, பெய்லிஃப் கம்பனிக்குத் தெரியாது, வழக்குப் போட்ட டிவிஎல்ஏவுக்கும் (வாகனப் பதிவு அலுவலகம்) தெரியாது. பதினைந்து வருடமாகக் கடன் ஆலோசனை மேசையில் இருக்கிறேன். நம் வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். நோயை மறைப்போம், கடிதத்தை மறைப்போம், காசை எங்காவது புரட்டிக் கட்டுவோம். சென்ற வருடம் ஒரு தாய், மகனின் நோயைப் பற்றி வாய் திறக்காமல், நகையை அடகு வைத்து முழுத் தொகையையும் கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். ஒரு கிழமை முன்பு வந்திருந்தால் பெய்லிஃப் கட்டணத்தின் பெரும் பகுதியையாவது மிச்சம் பிடித்திருக்கலாம். உங்கள் கணவருக்கு வந்தது நோய், சகோதரி. அதைச் சொல்வதில் எந்த மானக்கேடும் இல்லை. இந்தச் சட்டத்தில் அவருக்கு இருக்கிற பாதுகாப்பு எல்லாமே, நோய் இருக்கிறது என்று எழுத்தில் தெரிவித்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும்.

அந்தப் பாதுகாப்பு என்ன என்று சொல்கிறேன். பெய்லிஃப்களுக்கு (2014 ஏப்ரலிலிருந்து சட்டப்படி அவர்கள் பெயர் என்ஃபோர்ஸ்மென்ட் ஏஜென்ட்) அரசு வகுத்த தேசிய நடத்தை விதிகள் உண்டு. எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் யார் என்று அதில் எழுதியிருக்கிறார்கள்: கடுமையாக நோயுற்றவர், உடற்குறை உள்ளவர், முதியவர், கர்ப்பிணி, அண்மையில் துக்கம் நேர்ந்தவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், வேலை இல்லாதவர். ஆங்கிலம் பேச, வாசிக்க, விளங்கக் கஷ்டப்படுகிறவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். இது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. உங்கள் கணவர் முதல் வகையில் நிச்சயம் வருகிறார். ஆங்கிலமும் அவருக்குக் கஷ்டம் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இதைவிட வலுவான விதி ஒன்று இருக்கிறது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை மட்டுமோ, அப்படிப் பாதிக்கப்படக்கூடிய ஒருவர் மட்டுமோ, அல்லது இவர்கள் இருவர் மட்டுமோ வீட்டில் இருக்கும்போது பெய்லிஃப் உள்ளே வரவோ பொருளைக் கைப்பற்றவோ கூடாது. வெள்ளிக்கிழமை காலை உங்கள் வீட்டில் இருந்தது யார்? 14 வயது மகளும், மெஷினில் பூட்டியிருந்த தகப்பனும். அன்று அவர் உள்ளே வந்திருந்தாலே அது விதிமீறல். பிள்ளை கதவைத் திறக்காமல் பேசியது நல்லது. இனிமேல் அவளைப் பேசவும் விடாதீர்கள். அம்மா எப்போது வருவார் என்று கேட்டுவிட்டு அவர்கள் போக வேண்டியதுதான். அப்பாவின் கடனை மொழிபெயர்க்கிற வேலையை 14 வயதுப் பிள்ளையின் தலையில் வைக்க வேண்டாம், அந்தப் பயம் நெடுநாள் போகாது.

அவர் ஏழு மணிக்கு வந்தது விதிக்கு உட்பட்டதுதான். காலை 6 மணியிலிருந்து இரவு 9 மணிவரை வரலாம். அதனால்தான் கதவில் ஒரு தாள் ஒட்டச் சொல்கிறேன். உள்ளே நோயாளி இருக்கிறார், இரவும் காலையும் டயாலிசிஸ் நடக்கிறது, தட்ட வேண்டாம், இந்த எண்ணில் என்னோடு பேசுங்கள் என்று எழுதி உங்கள் ஃபோன் நம்பரைப் போடுங்கள். அடுத்த தடவை வருகிறவர் அதைக் கவனிக்கவில்லை என்றால், அவருடைய உடம்பில் இருக்கிற கமராவே உங்கள் சாட்சி. அந்தப் பதிவைப் பிறகு கேட்டு வாங்கலாம்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். 660 பவுண்ட் எப்படி வந்தது என்று உங்கள் கடிதத்தில் பிரித்துப் போட்டிருப்பார்கள்: தண்டம் 400, அதில் 40 சதவீதம் சர்சார்ஜ் (தண்டத்தோடு சேர்கிற மேலதிகக் கட்டணம்) 160, வழக்குச் செலவு 100 என்பதுபோல. அதற்கு மேல் 75 பவுண்ட், வழக்கு பெய்லிஃப் கம்பனிக்குப் போனதற்கு. வெள்ளிக்கிழமை வாசலுக்கு வந்ததற்கு 235. மொத்தம் 970. பொருளை எடுத்துப் போய் விற்கிற கட்டத்துக்கு வந்தால் இன்னொரு 110 ஏறும். இதில் நாம் முதலில் கை வைக்க வேண்டியது அந்த 235. கடன் கட்ட வேண்டியவர் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்தால், பொருளை எடுத்துப் போவதற்கு முன் உதவியும் ஆலோசனையும் பெற அவருக்குப் போதிய அவகாசம் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் இந்த 235ஐயும் அடுத்த 110ஐயும் வசூலிக்க முடியாது என்று 2014 கட்டண விதிகள் சொல்கின்றன. 24 மணி நேரம் என்பது மெஷினில் இருக்கிற மனிதருக்குப் போதிய அவகாசமா? இதையே எழுத்தில் கேளுங்கள்.

அவர்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பு ஒரு முன்னறிவித்தல் அனுப்பி, ஞாயிறும் பொது விடுமுறையும் சேராமல் முழுதாக ஏழு நாள் விட்டிருக்க வேண்டும். இழுப்பறையில் அந்தக் கடிதம் இருக்கிறதா, தேதி என்ன என்று பாருங்கள். இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

இனி, நாளைக்குச் செய்ய வேண்டியது. கம்பனிக்கு ஃபோன் எடுத்து, வெல்ஃபேர் டீமுக்கு (நோயாளிகள் போன்றவர்களின் கணக்கைக் கவனிக்கிற பிரிவு) மாற்றித் தாருங்கள் என்று சொல்லுங்கள். பெரும்பாலான கம்பனிகளில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. முதலில் எடுக்கிறவர் காசு கட்டச் சொல்லித்தான் பேசுவார், அவரோடு வாதாட வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள். பேசி முடித்த கையோடு, பேசியதையே மின்னஞ்சலில் அனுப்புங்கள்: கணவரின் நோய், என்ன சிகிச்சை, எந்தத் தேதியில் வந்தார்கள், வீட்டில் யார் இருந்தார்கள், கணக்கை நிறுத்தி வாரண்டை நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், 235ஐ நீக்க வேண்டும். அதே மின்னஞ்சலை தண்டக் கடிதத்தில் இருக்கிற நீதிமன்ற ஃபைன்ஸ் ஆபீசர் (தண்டப்பணத்துக்குப் பொறுப்பான அதிகாரி) முகவரிக்கும் அனுப்புங்கள். வாரண்ட் போய்விட்டது, கம்பனியோடு பேசுங்கள் என்று நீதிமன்றத்தில் சொல்லக்கூடும். அதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நோயைப் பற்றித் தெரியாமல் வெளியிட்ட வாரண்ட் இது, திரும்ப எடுங்கள், இல்லாவிட்டால் மஜிஸ்திரேட் முன் போடுங்கள் என்று மறுபடி எழுதுங்கள்.

ஆதாரத்துக்கு குடும்ப டாக்டரிடம் ஓட வேண்டாம், கடிதத்துக்குக் காசு கேட்கலாம், நாளும் போகும். சிறுநீரகப் பிரிவு நர்ஸிடம் இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். பல ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவுக்கென்றே ஒரு சோஷல் வேர்க்கர் இருப்பார். இப்படியான கடிதம் எழுதுவது அவருடைய வேலையில் ஒரு பகுதி. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, பிஐபி (நோய், உடற்குறைக்கான அரச உதவிப்பணம்) கிடைக்கிறதென்றால் அந்தக் கடிதம், யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானத்துக்கான அரச உதவிப்பணம்) ஸ்டேட்மென்ட், இவையே போதும்.

இவ்வளவும் பெய்லிஃபை நிறுத்துவதற்கு. தீர்ப்பையே திருப்பிப் போட ஒரு வழி இருக்கிறது, அதற்கு நாள் எண்ணப்படுகிறது, கவனமாகக் கேளுங்கள். உங்கள் கணவருடைய வழக்கு பெரும்பாலும் சிங்கிள் ஜஸ்டிஸ் புரொசீஜர் என்கிற முறையில் நடந்திருக்கும். 2015இல் வந்த முறை அது. ஒரே ஒரு மஜிஸ்திரேட், ஒரு சட்ட ஆலோசகரின் உதவியோடு, திறந்த நீதிமன்றத்தில் அல்லாமல், காகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். பதில் வராவிட்டால் குற்றவாளி என்று முடித்துவிடலாம். வருமானம் தெரியாவிட்டால் வாரம் 440 பவுண்ட் உழைக்கிறவர் என்று வைத்துக்கொண்டு தண்டத்தைக் கணக்குப் போடுவார்கள். சம்பளமே இல்லாமல் வார்டில் கிடந்தவருக்கு இந்தக் கணக்குத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. இந்த முறையைத் திருத்த வேண்டும் என்று மஜிஸ்திரேட்டுகளின் சங்கமே 2024இல் கேட்டது.

வழக்கு நடந்ததே தனக்குத் தெரியாது என்றால், தெரிய வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன் கொடுக்கலாம். ஊரில் சத்தியக்கடதாசி முடிப்போமே, ஏறக்குறைய அதுதான். மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கொடுக்கலாம், அல்லது ஒரு சொலிசிட்டர் முன் சத்தியம் செய்து கையொப்பமிட்டு அனுப்பலாம். சொலிசிட்டருக்குக் கட்டணம் 5 பவுண்ட், இணைக்கிற ஒவ்வொரு ஆவணத்துக்கும் 2 பவுண்ட். அதைக் கணவரே செய்ய வேண்டும், அவருக்காக நீங்கள் செய்ய முடியாது. ஏற்றுக்கொண்டால் தீர்ப்பும் தண்டமும் இல்லாமல் போகும், அதைப் பிடித்துக்கொண்டு வந்த வாரண்டும் விழும். வழக்கு புதிதாகத் தொடங்கும். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார், உறைகளை நீங்கள் திறக்கவில்லை, அவரிடம் சொல்லவுமில்லை, வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது என்பது உண்மையானால் அதை அப்படியே எழுதுங்கள். ஒரு சொல்லும் கூட்டிச் சொல்ல வேண்டாம், பொய்ச் சத்தியம் தனிக் குற்றம். வெள்ளிக்கிழமையிலிருந்து 21 நாளை கலண்டரில் குறித்து வையுங்கள். ஏதாவது காரணத்தால் பிந்தினால், நியாயமான காரணம் இருந்தால் நீதிமன்றம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

வழக்கு திரும்பத் தொடங்கினாலும், இன்சூரன்ஸ் இல்லாமல் கார் இருந்தது உண்மைதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஓட்டாமல் வாசலில் நிற்கிற காருக்கும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தெருவில் ஓடாது என்று டிவிஎல்ஏவுக்கு அறிவித்திருக்க வேண்டும். இது 2011இலிருந்து இருக்கிற சட்டம். ஆனால் இந்தத் தடவை அவர்கள் நோயைப் பற்றித் தெரிந்துகொண்டு முடிவெடுப்பார்கள். டிவிஎல்ஏவுக்கு நேராகவே எழுதி, பொதுநலனைப் பார்த்து வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்று கேளுங்கள். வாபஸ் வாங்காவிட்டாலும், உண்மையான வருமானத்தைப் பார்த்துப் போடுகிற தண்டம் எவ்வளவோ குறைவாக இருக்கும். எம்சி100 என்கிற வருமானப் படிவத்தை நிரப்பிக் கூடவே வையுங்கள். டிக்ளரேஷன் சரிவராமல் போனாலும் அந்தப் படிவம் வீண்போகாது, நிலைமை மாறியவருக்குத் தண்டத்தைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர் என்றால், தண்டத்தை அதிலேயே கழித்துக்கொள்ளச் சொல்லலாம். அடிப்படைத் தொகையில் 5 சதவீதம்தான் மாதம் கழியும், பெய்லிஃபும் வரமாட்டார்.

கார் இப்போது எங்கே நிற்கிறது? பெய்லிஃப் முதலில் கண் வைப்பது அதில்தான், வாசலில் நின்றால் சில்லைப் பூட்டுகிற கிளாம்ப் போட்டுவிட்டுத்தான் பெல் அடிப்பார். கணவருக்கு புளூ பேட்ஜ் (உடற்குறை உள்ளவர்களுக்கான பார்க்கிங் அட்டை) இருந்து, அவரைக் கூட்டிப் போகத்தான் அந்தக் கார் என்றால், பேட்ஜைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வையுங்கள். அந்தக் காரை எடுக்க முடியாது. பேட்ஜ் இல்லை என்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். கார் இனி வேண்டாம் என்றால் அதைத் தெருவில் விடாமல், ஓடாது என்று அறிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இதே மாதிரி இன்னொரு உறை வரும்.

வட்டிக்குத் தருகிறேன் என்றவரிடம் வாங்காதீர்கள். 970 பவுண்டும் உங்கள் கணவர் கட்ட வேண்டியதுதானா என்பதே இன்னும் தீரவில்லை. இந்தத் தண்டத்துக்கு நோயைச் சொல்லிக் கேட்கக்கூடிய பாதுகாப்பு, வாங்கிய பிறகு அந்தக் கடனுக்கு இருக்காது. தவணையில் கட்டுகிறேன் என்று பெய்லிஃப் வாசலில் நீட்டுகிற தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம். வீட்டுப் பொருள்களைப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு தவணை பிந்தினாலும் அந்தப் பொருளை எடுக்கத் திரும்பி வரலாம்.

உங்களோடு இருந்து கடிதம் எழுதித் தர ஒருவர் வேண்டும் என்றால் உங்கள் பகுதியில் இலவச ஆலோசனை தருகிற சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்துக்குப் போங்கள், 21 நாள் கெடு இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லுங்கள். கடன் ஆலோசனை தருகிற நேஷனல் டெட்லைனுக்கு 0808 808 4000 என்ற எண்ணில் இலவசமாக ஃபோன் எடுக்கலாம்.

இழுப்பறையில் வேறு உறைகளும் இருக்கும். கவுன்சில் வரி, கிரெடிட் கார்ட், கரண்ட் பில் என்று எது இருந்தாலும் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றுக்கு பிரீதிங் ஸ்பேஸ் என்று, பணம் கேட்டுத் துரத்தக்கூடாத 60 நாள் ஆறுதல் உண்டு. இந்தத் தண்டத்துக்கு அது கிடைக்காது, அதனால் இரண்டையும் ஒரே கடிதத்தில் சேர்க்காதீர்கள். தண்டத்தின் வேலையை இந்தக் கிழமை முடியுங்கள், மற்றதை எனக்கு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.